இசக்கிமுத்து பேரில் போன ரத்தம்

ரத்தம் கொடுக்கிறேன் என்று முதலில் சொன்னது பேச்சியம்மாதான். அவளை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அடுப்படியில் சாயங்காலம் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, வேடிக்கை மாதிரி, அவள் வாயிலிருந்தே வந்தது அந்தப் பேச்சு.

கீழ் கோத்தகிரிப் பக்கம் தேன்மட்டம் எஸ்டேட்டில் அவள் புருஷன் இசக்கிமுத்து மருந்தடிக்கிற ஆள். தேயிலையில் சாறு உறிஞ்சுகிற கொசு விழுந்தாலும் செஞ்சிலந்தி விழுந்தாலும் முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்குகிற ஒன்பது பேரில் ஒருவன். தூள் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் கேட்கிறார்கள் என்று மூன்று வருஷமாக ஒரு புது வழக்கம் வந்திருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அந்த ஒன்பது பேருக்கும் ரத்தம் எடுத்துக் கோயமுத்தூர் லேபுக்கு அனுப்புவார்கள். மருந்து உடம்பில் ஏற ஏற, ரத்தத்தில் இருக்கவேண்டிய ஏதோ ஒரு சத்து இறங்கிக்கொண்டே போகுமாம். ஐயாயிரத்துக்கு மேல் இருக்கவேண்டியது இசக்கிமுத்துவுக்குப் போன தடவை நாலாயிரத்துக்கும் கீழே வந்திருந்தது. இன்னொரு தடவை இப்படி வந்தால் பம்பைத் தொடவேண்டாம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

பம்பைத் தொடவில்லையென்றால் அவனுக்கு அங்கே வேலையே இல்லை. டெம்பரவரி ஆள். கார்த்திகையில் பெர்மனன்ட் ஆக்குவதாகச் சொல்லி வைத்திருந்தார்கள். குடியிருந்த லைன் வீடும் மருந்தடிக்கிறவர்களுக்கென்று ஒதுக்கியது. பேச்சியம்மாவும் அதே எஸ்டேட்டில்தான் கொழுந்து பறித்தாள், அவளும் டெம்பரவரிதான். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவர்களுக்கென்று இருந்தது அந்த ஒன்றரை அறை மட்டும்தான். குழந்தை இல்லை. இரண்டு தடவை உண்டாகி, இரண்டு தடவையும் நாலாம் மாதம் தாண்டவில்லை.

"நாளைக்கு எடுத்தாலும் அதே நம்பர்தான் வரும் புள்ள," என்றான் இசக்கிமுத்து. "தலை சுத்தறதுலயே தெரியுது எனக்கு."

"அப்ப என்ற ரத்தத்தக் குடுத்துர்லாமுங்க. நான் பம்பையா தொட்டேன்? சுத்தமான ரத்தம்."

அவன் சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் ஞானசேகரன் இல்லாவிட்டால் அது வெறும் பேச்சாகவே போயிருக்கும். நாலு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில் ரோட்டில் மண் சரிந்து ஜீப் போகமுடியாமல் நின்றபோது, மூச்சு முட்டிக்கொண்டிருந்த அவருடைய அம்மாவை இசக்கிமுத்து முதுகில் சுமந்து மெயின் ரோடு வரைக்கும் கொண்டுபோனான். அதற்கப்புறம் அந்த அம்மாள் இரண்டு வருஷம் உயிரோடு இருந்தார். அதை ஞானசேகரன் மறக்கவில்லை.

"தப்பு முத்து இது," என்றார் முதலில். பிறகு ஜன்னல் வழியாக வெளியே பார்த்துவிட்டு, "எல்லாரும் போனப்புறம் அம்மணியப் பின்கதவு வழியா வரச் சொல்லு," என்றார்.

ஆடி மாதம் முதல் வாரம். மழை ஓய்ந்து பனி இறங்கியிருந்தது. பேச்சியம்மா நனையாமலிருக்க இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் படங்கைக்கூட அவிழ்க்காமல் கொழுந்து எடை போட்ட கையோடு போனாள். ஞானசேகரன் அவள் கையில் ரப்பரைக் கட்டி நரம்பைத் தேடினார். சின்னக் குழாய் நிறைந்தது. அதன்மேல் அவர் பேனாவால் 'இசக்கிமுத்து' என்று எழுதினார்.

"கை ஏன் அம்மணி இப்படித் தோல் உரிஞ்சு கெடக்குது?"

"சோப்புத் தண்ணிங்க சார். அவரு துணி தொவைச்சா அப்படித்தான் ஆகும்."

அவர் பஞ்சை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னார். அந்தக் குழாயை மற்ற எட்டுக் குழாய்களோடு வைத்தபோது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவளுக்கு நாள் தள்ளிப்போய்ப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. போன இரண்டு தடவையும் அவசரப்பட்டுச் சொல்லி, அப்புறம் லைன் முழுக்க வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். இந்தத் தடவை நாலு மாதம் தாண்டட்டும் என்று நினைத்திருந்தாள்.

பத்து நாள் கழித்து இசக்கிமுத்துவின் நடத்தை மாறியது.

வேலை முடிந்து வந்தவன் நனைந்த சட்டையையும் பேன்ட்டையும் வாசலிலேயே கழற்றி, தானே வாளியில் போட்டு, குழாயடிக்கு எடுத்துக்கொண்டு போனான். கட்டின நாளிலிருந்து அவன் துணி துவைத்து அவள் பார்த்ததில்லை. மறுநாள் மூலையில் இருந்த வெள்ளைக் கேனைக் காணோம். லைனில் இரண்டு நாளைக்கு ஒருதரம்தான் தண்ணீர் வரும். மருந்து வந்த பத்து லிட்டர் கேன்களைச் சாம்பல் போட்டு நாலு தடவை கழுவித் தண்ணீர் பிடித்து வைப்பது எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். சீசனுக்கு ஒரு புதுக் கேன் அவனேதான் கொண்டுவருவான். இப்போது அந்த இடத்தில் கோத்தகிரியில் வாங்கின எவர்சில்வர் குடம் இருந்தது.

"கேன் என்னாச்சுங்க?"

"ஓட்டை."

அதற்கும் மறுநாள், "நாலு நாளைக்கு லீவு போடு புள்ள. ஏழாம் நம்பர் காட்டுல இப்பத்தான் மருந்து அடிச்சிருக்குது. அங்க போய் இலை எடுக்க வேண்டாம்," என்றான்.

பேச்சியம்மாவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொங்கியது. கண்டுபிடித்துவிட்டான் மனுஷன் என்று நினைத்தாள். காலையில் அவள் கொல்லைப்புறம் போய் வாந்தியெடுத்ததைப் பார்த்திருப்பான், நாள் எண்ணியிருப்பான், சொல்லத் தெரியாமல் இப்படிச் சுற்றிச் சுற்றி வருகிறான். ஏழு வருஷத்தில் அவன்மேல் இவ்வளவு ஆசை அவளுக்கு வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பனி குழாயடி வரைக்கும் வந்து நின்றிருந்தது. அவன் கல்லில் துணியைக் கும்மிக்கொண்டிருந்தான். அவள் போய் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"யாரு சொன்னாங்க உங்களுக்கு?"

துணியைக் கும்முவது நின்றது. "கம்பவுண்டர்தான். உனக்கெப்புடித் தெரியும்?"

"அவருக்கு எப்படீங்க தெரிஞ்சுது? நான் ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறக்கலயே." கேட்டுவிட்டு அவளே பதிலும் கண்டுபிடித்துக்கொண்டாள். "ரத்தத்துலயே தெரிஞ்சுருமா? எத்தன மாசம்னுகூடப் போட்டிருக்குதா?"

இசக்கிமுத்து தலையைத் தூக்கினான்.

"என்ன மாசம்?"

அவள் சிரித்துக்கொண்டே வயிற்றில் கையை வைத்துக் காட்டினாள். அவன் முகம் மலரும் என்று பார்த்தாள். அந்த முகம் அப்படியே வற்றிப்போனது. சோப்பு நுரையோடு இருந்த இரண்டு கையையும் அவன் தன்னை விட்டுத் தள்ளிப் பிடித்துக்கொண்டான், அவள்மேல் பட்டுவிடக்கூடாது என்பதுபோல. அப்புறம் எழுந்து தள்ளிப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றான்.

வீட்டுக்குள் போனதும் அரிசி டப்பாவுக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தான். 'இசக்கிமுத்து, ஆண், 37' என்று மேலே அச்சடித்திருந்தது. கீழே கறுப்பாக ஒரு நம்பர். 2140.

"உங்களுக்கு இதுக்கு முன்னாடி எவ்வளவு?"

"மூவாயிரத்துத் தொள்ளாயிரம்."

அவள் திரும்பத் திரும்ப நம்பரைப் பார்த்தாள்.

"மாத்தி வந்திருக்கும்னுதான் நானும் சொன்னேன் புள்ள. கம்பவுண்டர் போன் போட்டு லேபுல கேட்டுப்போட்டாரு. மாறலையாம். இது ஆபீசுக்குப் போகாது. குழாய் உடைஞ்சுபோச்சுன்னு எழுதிட்டு, கோத்தகிரியில ஒரு தெரிஞ்ச பையனோட ரத்தத்த அனுப்பிட்டாரு. என்ற வேலைக்கு ஒண்ணுமில்ல. உனக்குத்தான் என்ன பண்றதுன்னு..." அவன் அரிசி டப்பாவைத் திரும்ப இடத்தில் வைத்தான்.

கோத்தகிரியில் டாக்டர் உமாமகேஸ்வரியின் கிளினிக்குக்கு மறுநாளே போனார்கள். டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், பேச்சியம்மாவைப் பார்த்தார், யாருடையது என்று கேட்டார். இசக்கிமுத்து உண்மையைச் சொன்னான். அவர் ஒன்றும் திட்டவில்லை. புதிதாக ரத்தம் எடுத்து அனுப்பினார். நாலு நாள் கழித்து அதுவும் கிட்டத்தட்ட அதே நம்பரோடு வந்தது.

"வயித்துல புள்ள இருந்தா இது கொஞ்சம் எறங்கும். அது இயற்கை. ஆனா இந்த அளவுக்கு எறங்காதும்மா," என்று சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். துணி யார் துவைப்பது? கையில் உறை போடுவீர்களா? மருந்தடித்து எத்தனை நாளில் அந்தக் காட்டில் இலை எடுக்கிறீர்கள்? தண்ணீர் எதில் பிடித்து வைக்கிறீர்கள்? காட்டுக்கு எதில் கொண்டுபோகிறீர்கள்?

அவள் பதில் சொல்லச் சொல்ல இசக்கிமுத்து குனிந்துகொண்டே போனான்.

"மருந்து கேனு எத்தன தடவ கழுவினாலும் முழுசாப் போகாதுங்க. பிளாஸ்டிக்கு அதை உள்ள இழுத்து வெச்சிருக்கும். கொஞ்சம் கொஞ்சமா தண்ணியில விடும். அதேமாதிரிதான் துணியும்."

"அவரும் அதே தண்ணிதானுங்களே குடிச்சாரு?"

"அவரு பகல்ல எங்க குடிப்பாரு?"

"பம்பு ஷெட்டுல டேங்கு இருக்குதுங்க," என்றான் அவன். "இவதான் வீட்டுலருந்து பாட்டில்ல எடுத்துட்டுப் போவா."

"அப்ப தண்ணிதானுங்களா காரணம்?" என்று கேட்டாள் பேச்சியம்மா.

"இன்னதுதான்னு நான் சொன்னா அது பொய்யாப் போயிரும். தண்ணி, துணி, இலை, எல்லாம் சேர்ந்துதான்."

பேச்சியம்மா மேசையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "முன்னாடி ரெண்டு போச்சுங்களே. அதும் இதுனாலயா?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம். அப்ப யாரும் ரத்தம் எடுத்துப் பாக்கலியே."

அந்த இரண்டு தடவையும் அவள் குற்றவாளியாக இருந்தாள். குனிந்து பாரம் தூக்கினாள் என்றார்கள். குளிரில் நின்றாள் என்றார்கள். குலசாமிக்குச் சேவல் கொடுக்காததுதான் என்றாள் மாமியார். அதையெல்லாம் அவளும் நம்பியிருந்தாள். இப்போது பஸ்ஸில் திரும்பி வரும்போது, நம்புவதற்கு அதுகூட இல்லாமல் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னாள். "ஆபீசுல சொல்லோணுமுங்க."

"சொன்னா வீடு போச்சு. கம்பவுண்டர் வேலையும் போச்சு. நீ இனி காட்டுக்குப் போகாத, வீட்டுலயே இரு. புள்ள பொறக்கட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

"நான் வீட்டுல இருந்துக்குவேன். ஏழாம் நம்பர்ல என்ற கூட இலை எடுக்கறவங்க? பக்கத்து ஊட்டுத் தெய்வம்மாவுக்கு நாலு மாசமா கை நடுங்குது, சக்கரைன்னு மாத்திரை திங்கறா. அவ ஊட்டுலயும் அதே கேன்தானுங்க இருக்குது."

அவன் எழுந்து வாசலுக்குப் போனான். போகாதே என்று சொல்லவில்லை. இரண்டு நாள் அவள் யோசித்தாள். ஞானசேகரனை நினைத்து, எடுத்த காகிதத்தை இரண்டு தடவை திரும்ப அரிசி டப்பாவுக்கு அடியிலேயே வைத்தாள். மூன்றாம் நாள் காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டு முடிந்ததும் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனாள்.

அசிஸ்டென்ட் மேனேஜர் கீர்த்திவாசனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. மரியாதையான பிள்ளை. உட்காரச் சொன்னான். காகிதத்தைப் படித்தான்.

"இது உங்க வீட்டுக்காரர் ரிப்போர்ட்தானேங்கக்கா? ஆனா அவருக்கு நார்மல்னு வந்திருக்கே."

"அது அவரு ரத்தமில்லீங்க. இதும் அவருதில்ல. இது என்னுது."

எல்லாவற்றையும் சொன்னாள். வயிற்றில் இருப்பதையும் சொன்னாள். இலை எடுக்கிற பெண்களுக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டும் என்று கேட்டாள். கீர்த்திவாசன் காகிதத்தின் மேலே அச்சடித்திருந்த பெயரில் விரலை வைத்தான்.

"அக்கா, பொம்பளைங்க மருந்து அடிக்கறதில்ல. அதனால அவங்களுக்கு டெஸ்ட்டுன்னு எங்க லிஸ்ட்லயே இல்ல. இதுல உங்க பேரு எங்கயும் இல்லீங்களே. ஆள் மாத்தி ரத்தம் குடுத்தீங்கன்னுதான் இதை வெச்சு நான் எழுத முடியும்."

"என்ற பேருல டாக்டரம்மா எடுத்த ரிப்போர்ட்டும் இருக்குதுங்க."

"அது வெளிய எடுத்தது. எஸ்டேட்டுக்கு அது செல்லாதுங்க." குரலைத் தாழ்த்திச் சொன்னான். "இதைக் கொண்டுவந்து குடுத்திருக்க வேண்டாம்ங்கக்கா. என் கைக்கு வந்துட்டா நான் மேல அனுப்பித்தான் ஆகணும்."

அனுப்பினான். ஒரு வாரத்தில் இசக்கிமுத்துவின் பெயரையும் அவள் பெயரையும் அடித்துவிட்டார்கள். வீட்டைக் காலிசெய்ய மாதக் கடைசி வரை தவணை. ஞானசேகரன் பதினெட்டு வருஷம் பார்த்த வேலையை விட்டுக் கிளம்பிப் போனார். அவர் சாமான்களோடு மினி பஸ்ஸில் ஏறியபோது பேச்சியம்மா ஓடிப் போய் ஜன்னலுக்குக் கீழே நின்றாள். "சார்ங்க," என்று கூப்பிட்டாள். அவர் கேட்காதவர் மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் போனபிறகும் அவள் அங்கேயே நின்றாள். அவர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

கோத்தகிரி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஓர் அறை கிடைத்தது. இசக்கிமுத்து காய்கறி மண்டியில் கேரட் மூட்டை ஏற்றப் போனான். பேச்சியம்மா டாக்டர் சொன்னபடி இருந்தாள். மாத்திரை, கீரை, முட்டை, நடை. நாலாம் மாதம் தாண்டியது. அன்றைக்கு இசக்கிமுத்து பேக்கரியிலிருந்து வர்க்கி வாங்கிவந்தான். இருவரும் கடைசித் துணுக்கு வரைக்கும் தின்றார்கள். ஒருநாள் காலையில் வயிற்றுக்குள் மீன் துள்ளுவதுபோல ஒரு அசைவு. அதைச் சொல்ல மண்டி வரைக்கும் நடந்துபோனாள். லாரியின் மேலே நின்றவன் கீழே குதித்து வந்து, மண் கையைத் துண்டில் துடைத்துத் துடைத்து, தொடலாமா என்று கேட்டான்.

அது ஐப்பசி முதல் வாரம். கர்ப்பத்தின் இருபதாவது வாரத்தில் அசைவு நின்றது. ஒரு நாள் பார்த்தாள். ஒன்றரை நாள் பார்த்தாள். டாக்டர் ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்து, திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டபோதே பேச்சியம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

பெண் குழந்தை. உள்ளங்கை நீளம். விரலெல்லாம் இருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் காரணம் என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதினார்கள். பொய்யாக எழுதவில்லை என்று உமாமகேஸ்வரி அவளிடம் சொன்னார். இதுதான் காரணம் என்று நிரூபிக்க ஒரு வழியும் இல்லை என்றார். இசக்கிமுத்து சின்னத் துணி மூட்டையை வாங்கிக்கொண்டு போனான். எங்கே வைத்தான் என்று அவள் கேட்கவில்லை. அவனாகவும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவள் ரத்தம் தேற ஆரம்பித்தது. கார்த்திகையில் மூவாயிரத்து நூறு. மார்கழியில் நாலாயிரத்து இருநூறு. மாசியில் ஐயாயிரத்து நானூறு.

"நல்லாயிருச்சும்மா," என்றார் டாக்டர். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். "அந்த இடத்தை விட்டு வந்ததுக்குத்தான் இது. இனி பயமில்லாம முயற்சி பண்ணலாம்."

பேச்சியம்மா சரி என்று தலையாட்டினாள். வாசலில் உட்கார்ந்திருந்த இசக்கிமுத்துவை உள்ளே கூப்பிட்டார் டாக்டர். அவனுக்கும் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். அவன் வேண்டாம் என்றான். டாக்டர் வற்புறுத்தினார். "என்ன இருக்குதுன்னு தெரிஞ்சு நான் என்ன பண்றதுங்க?" என்றான். இப்போதெல்லாம் அவன் ஒரு நாளைக்கு நாலு வார்த்தைதான் பேசினான்.

பங்குனியில் தெய்வம்மா மார்க்கெட்டுக்கு வந்தபோது பேச்சியம்மா அவளைப் பார்த்தாள். தெய்வம்மாவின் கை இன்னும் நடுங்கியது. காலியான மருந்துக் கேன்களையெல்லாம் எண்ணி வாங்கிக்கொள்கிறார்கள், இனி யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாதாம் என்றாள். முன்னாடி கொண்டுபோனதை? என்று கேட்டாள் பேச்சியம்மா. அது இருக்குது, அதைத் தூக்கிப்போட்டா தண்ணியை எதுல பிடிக்கறது என்றாள். பேச்சியம்மா இருந்த வீட்டில் கதிர் என்று புதுசாக ஓர் ஆள், மருந்தடிக்கத்தான், பெண்டாட்டியோடு வந்திருக்கிறான் என்றாள்.

அடுத்த புதன்கிழமை பேச்சியம்மா தேன்மட்டத்துக்கு மினி பஸ் ஏறினாள். இசக்கிமுத்துவிடம் சொல்லவில்லை.

கதிரின் பெண்டாட்டி சசிகலாவுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். கல்யாணமாகி ஐந்து மாதம். தெரியாத ஆள் என்றாலும் பாய் விரித்து உட்காரவைத்தாள். பேச்சியம்மா இருந்த காலத்தில் இல்லாத ஒரு நீலப் பெயின்ட் சுவரில் அடித்திருந்தது. பேச்சியம்மா ஆதியோடு அந்தமாக எல்லாம் சொன்னாள். நம்பர்களைச் சொன்னாள். அந்தக் குழந்தையின் விரல்களைச் சொல்ல வந்து, அதை மட்டும் சொல்லாமல் விட்டாள்.

சசிகலா கேட்டுக்கொண்டே இருந்தாள். "அவருக்கு ரத்தம் நல்லாத்தான் இருக்குதுன்னு சொன்னாங்கக்கா."

"அவருக்கு இல்ல கண்ணு. உனக்கு."

"நான் காட்டுக்கே போறதில்லீங்கக்கா. ஊட்டு வேலை மட்டுந்தான்."

"துணி?"

"நான்தானுங்க. வேற யாரு தொவைப்பாங்க?" கேள்வியாகத்தான் கேட்டாள். பேச்சியம்மா என்ன சொல்வாள் என்று அவள் முகத்தையே பார்த்தாள்.

"அவரையே தொவைக்கச் சொல்லு. கேட்கலீன்னா கையில உறை மாட்டிட்டுத் தனியாத் தொவை. கோத்தகிரியில டாக்டரம்மா இருக்காங்க. நான் கூட வர்றேன்."

"கேட்டுப்போட்டுச் சொல்றேனுங்கக்கா," என்றாள் சசிகலா. எழுந்து அடுப்பைப் பார்த்தாள். "அவரு வர்ற நேரமாச்சு. வெந்நீர் வெக்கோணும்."

பேச்சியம்மா தன் போன் நம்பரைக் காலண்டரின் ஓரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். பஸ் வர இன்னும் கால் மணி இருந்தது. சரிவிலிருந்து மருந்தடிக்கிறவர்கள் வரிசையாக ஏறி வந்துகொண்டிருந்தார்கள். ஒன்பது பேர். எல்லாரும் கழுத்து வரை மருந்தில் நனைந்திருந்தார்கள். முகமூடிகள் தாடைக்குக் கீழே தொங்கின. அதில் யார் கதிர் என்று அவளுக்குத் தெரியவில்லை. முன்னால் வந்த பழைய ஆள் ஒருவன் அவளை அடையாளம் கண்டு நின்றான்.

"மயினி, நல்லா இருக்கீங்களா? முத்தண்ணன் எப்படி இருக்காரு?"

"இருக்காருங்க," என்றாள்.

அவன் நெற்றியைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு மற்றவர்களோடு லைனைப் பார்த்து நடந்தான்.